ஸ்கோனுக்குக் குளூட்டன் எதற்கு?

(லண்டனில் தமிழ் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



போன கூட்டத்தில் இதே மேடையில் சிலப்பதிகாரம் பேசினார்கள். இன்று ஸ்கோன். இந்தச் சரிவுக்கு அமைப்பாளர்கள்தான் பொறுப்பு, நான் அல்ல. குளூட்டனும் பாலும் சேர்க்காமல் வீட்டிலேயே ஸ்கோன் சுடுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "கோதுமையும் கிடையாது, வெண்ணெயும் கிடையாது. அப்புறம் அந்தத் தட்டில் என்னதான் இருக்கும்?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்வதுதான் இன்றைக்கு என் வேலை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டில் ஸ்கோன் இருக்கும். ரொட்டியிலிருந்து குளூட்டனை எடுத்தால் ரொட்டி தடுமாறிப்போகும். ஸ்கோன் அவ்வளவாக அலட்டிக்கொள்ளாது. நல்ல ஸ்கோன் சுடுகிறவர்கள் காலங்காலமாகக் குளூட்டனைத் தலையெடுக்கவிடாமல்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெண்ணெய் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2024ஆம் ஆண்டு வசந்தத்தில் இந்த நாட்டுப் பத்திரிகைகள் ஒரு பெரும் அநியாயத்தைக் கண்டுபிடித்தன. பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட், தன் தேநீர்க் கூடங்களில் ஸ்கோனை வெண்ணெய் சேர்க்காமல் தாவரக் கொழுப்பில் சுடுகிறதாம். மரபு போயிற்று, நாடு போயிற்று என்று எழுதினார்கள். டிரஸ்ட் அமைதியாகப் பதில் சொன்னது: பல ஆண்டுகளாகவே அப்படித்தான் சுடுகிறோம், ஒவ்வாமை உள்ளவர்களும் சாப்பிட வேண்டும் அல்லவா என்று. கோபப்பட்டவர்களில் எத்தனை பேர் அதே ஸ்கோனை ஆண்டுக்கணக்கில் ரசித்துச் சாப்பிட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அவர்களுக்கு ஏன் தெரியவில்லை? ஒரு சுற்று ஸ்கோனுக்கு 225 கிராம் மாவு என்றால் உள்ளே போவது 50, 60 கிராம் வெண்ணெய்தான். அதைப் பிளந்து மேலே வைப்பதோ கிளாட்டட் கிரீம். அதில் பாதிக்கு மேல் கொழுப்பு. குறைந்தது 55 சதவீதம் இருந்தால்தான் அந்தப் பெயரில் விற்க முடியும். அந்தக் கிரீமும் ஜாமும் வாயில் போனபிறகு, உள்ளே இருக்கும் கொழுப்பு மாட்டிலிருந்து வந்ததா சூரியகாந்தியிலிருந்து வந்ததா என்று நாக்கு விசாரணை நடத்திக்கொண்டிருக்காது. உள்ளே இருக்கும் கொழுப்பின் வேலை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது குளூட்டன். கோதுமை மாவில் குளூட்டனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டுக் கை பட்டால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலையாகும். அந்த வலைதான் குளூட்டன். இதை முதலில் பிரித்துக் காட்டியவர் இத்தாலியின் போலோனா நகரத்து அறிஞர் பெக்காரி. மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தார். மாவுச்சத்தெல்லாம் பாலாகக் கரைந்து போனபின் கையில் இழுத்தால் நீளும் ஒரு பொருள் மிஞ்சியது. 1745இல் அவருடைய ஆய்வு அச்சானது. வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தி மாவில் ஒரு நெல்லிக்காய் அளவு உருண்டையை எடுத்துக் குழாயடியில் கழுவிப் பாருங்கள், உங்களுக்கும் மிஞ்சும்.

ரொட்டிக்கு இந்த வலை வேண்டும். ஈஸ்ட் மணிக்கணக்கில் மெதுவாக வாயுவை விடும். அதுவரை வாயுவைப் பிடித்து வைக்க ஓர் ஆள் வேண்டாமா? ஸ்கோன் அப்படியல்ல, அவசரக்காரப் பண்டம். மாவில் ஈரம் பட்டதும் பேக்கிங் பவுடர் வேலையை ஆரம்பித்துவிடும், ஓவனின் சூட்டில் மிச்சத்தையும் முடிக்கும், பதினைந்து நிமிடத்தில் எல்லாம் இறுகிவிடும். அதனால்தான் ஸ்கோன் சொல்லித் தருகிற எல்லோரும் ஒரே பல்லவியைப் பாடுகிறார்கள்: வெண்ணெய் குளிர்ந்திருக்கட்டும், விரல்நுனியால் மட்டும் உதிரியாகக் கலக்குங்கள், பிசையாதீர்கள், மென்மையான மாவை எடுங்கள். இவ்வளவு கட்டுப்பாடும் எதற்கு? குளூட்டன் வலை பின்னிவிடக் கூடாது என்பதற்காக. வலை பின்னினால் ஸ்கோன் இறுகி ரப்பராகிவிடும். பரோட்டா மாஸ்டர் மாவை அடித்து, ஊறவைத்து, வீசி, எந்தக் குணத்தை வளர்த்தெடுக்கிறாரோ அதே குணத்தைப் பிறக்கும் முன்பே அடக்குவதுதான் ஸ்கோன் சுடுகிறவரின் திறமை. அப்படியிருக்க, அந்தப் புரதமே இல்லாத மாவைக் கையில் கொடுத்தால் அவருக்கு வேலை பாதி குறைகிறது. அரிசி மாவு ஸ்கோனை எவ்வளவு பிசைந்தாலும் இறுகாது. என்னைக் கேட்டால், முதல்முறை ஓவனைத் தொடுகிறவர்களுக்குக் கோதுமை ஸ்கோனைவிட இதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

வரலாறும் இதே பக்கம்தான் நிற்கிறது. ஸ்கோன் ஸ்காட்லாந்தில் பிறந்த பண்டம். 1513இல் கேவின் டக்ளஸ் என்ற கவிஞர் வர்ஜிலின் காவியத்தை ஸ்காட்ஸ் மொழியில் பெயர்த்தபோதே ஸ்கோன் அதில் வந்துவிடுகிறது. அந்தக் குளிரிலும் ஈரத்திலும் தாராளமாக விளைந்தவை ஓட்ஸும் பார்லியும்தான். அந்த மாவைத் தட்டையாகத் தட்டி, ஓவன் இல்லாத வீடுகளில் இரும்புக் கல்லில் வாட்டி எடுத்தார்கள். தோசைக்கல் வைத்திருக்கும் நமக்கு அது ஒன்றும் அந்நியமல்ல. வெள்ளைக் கோதுமை மாவும் பேக்கிங் பவுடரும் சேர்ந்து உயரமாக எழும்பும் இன்றைய ஸ்கோன் 19ஆம் நூற்றாண்டின் பிள்ளை. ஆனால் பழையது என்பதால் பத்திரமானது என்று நினைத்துவிடாதீர்கள். பார்லியிலும் குளூட்டனின் உறவுக்காரப் புரதம் உண்டு, அது குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோயாளிக்கு ஆகாது.

அந்த 19ஆம் நூற்றாண்டுக் கதையில்தான் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் வருகிறார். பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட். அவர் மனைவி எலிசபெத்துக்கு முட்டையும் ஆகாது, ஈஸ்டும் ஆகாது. மனைவிக்குக் கஸ்டர்ட் பிடிக்கும் என்பதால் முட்டையில்லாமல் சோளமாவில் ஒரு கஸ்டர்ட் பவுடர் செய்தார், 1837இல். ஈஸ்ட் இல்லாத ரொட்டிக்காக 1843இல் பேக்கிங் பவுடர் செய்தார். பிறகு கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படைக்கும் அது போயிற்று. கஸ்டர்ட் பவுடர் இன்றைக்கும் நம் வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. ஒவ்வாமைக்காரர்களுக்கென்று ஸ்கோனை மாற்றுவது மரபை மீறுவது என்று யாராவது சொன்னால் இந்தத் தம்பதியைச் சொல்லுங்கள். உலகத்து ஸ்கோன்கள் எழும்பி நிற்பதே, சாப்பிட முடியாத ஒரு பெண்ணுக்காகக் கணவர் செய்த பொடியால்தான்.

சரி, யாருக்கு இந்த ஸ்கோன் தேவை? விரும்பிக் கோதுமையை விட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஆனால் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு இது விருப்பம் அல்ல. அவர்கள் உடலில் குளூட்டன் போனால் நோய் எதிர்ப்பு அமைப்பு சிறுகுடலின் உட்சுவரையே தாக்கும். உணவை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய முளைகள் தேய்ந்து மழுங்கிவிடும். பிரிட்டனில் நூற்றுக்கு ஒருவருக்கு இது உண்டு. இந்தியாவில் 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்த நோய்க்குரிய எதிர்ப்பொருள்கள் வடக்கில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும் தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும் இரத்தத்தில் இருப்பதைக் காட்டியது. நம் ஊரில் பலர் இந்தப் பெயரையே கேள்விப்படாததற்கு அது ஒரு காரணம்.

1887இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையில் சாமுவேல் ஜீ என்ற மருத்துவர் இந்த நோயைப் பற்றி ஓர் உரை ஆற்றினார். நோயின் லட்சணங்களைத் துல்லியமாகச் சொன்னார், குணம் ஆவதென்றால் உணவால்தான் ஆகும் என்றும் சொன்னார். பிறகு சாப்பாட்டுப் பட்டியலுக்கு வந்தார். அரிசி, ஜவ்வரிசி, சோளமாவு கூடாது. இரண்டு பக்கமும் நன்றாக வாட்டிய ரொட்டித் துண்டு கொடுக்கலாம்! நோய் தெரிந்த மனிதர், தலைகீழான பத்தியம். பசும்பால் ஆகாது என்று அவர் சொன்னது மட்டும் ஓரளவு சரி. அதற்கு இப்போது வருகிறேன்.

கோதுமைதான் குற்றவாளி என்று நிரூபித்தவர் டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அவருக்குச் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் பஞ்சம் வந்து ரொட்டியே கிடைக்காமல் போனது. ஊரே வாடியபோது அவருடைய வார்டில் இருந்த இந்தக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த ஆய்வேட்டில் கோதுமை பிடிபட்டது. பிறகு சகாக்களோடு சேர்ந்து, கோதுமையின் மாவுச்சத்தில் குற்றமில்லை, குளூட்டனில்தான் இருக்கிறது என்றும் காட்டினார்.

பால் எங்கே வந்து சேர்கிறது? பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி அந்தக் குடல் முளைகளின் நுனியில்தான் சுரக்கிறது. முளை தேய்ந்தால் நொதியும் போய்விடும். ஆகவே சீலியாக் என்று தெரியவந்த புதிதில் பலருக்குப் பாலும் ஒத்துக்கொள்வதில்லை. குளூட்டனை விட்டு முளைகள் வளர்ந்தபின் பலர் பாலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இவர்களுக்கு லாக்டோஸ் நீக்கிய பால் போதும். பால் புரதத்துக்கே ஒவ்வாமை உள்ளவர்கள் வேறு கட்சி. லாக்டோஸ் நீக்கிய பால் அவர்களுக்கும் பால்தான், நெய்யில் ஒட்டிக்கொண்டிருக்கும் துளிப் புரதமும் சிலருக்கு ஆபத்து. விருந்தாளி "எனக்குப் பால் ஆகாது" என்று சொன்னால் இரண்டில் எது என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த உரையைக் கேட்டுவிட்டு நாளைக்கே யாரும் கோதுமையை நிறுத்த வேண்டாம். வயிற்றில் சந்தேகம் இருந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை. அதற்குக் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். நிறுத்திவிட்டுப் போனால் பரிசோதனை ஒன்றும் இல்லை என்று பொய் சொல்லும்.

சமையலறைக்குப் போவோம். 1990இல் அமெரிக்காவில் பெட்டி ஹேக்மன் என்ற சீலியாக் நோயாளிப் பெண்மணி ஒரு சமையல் புத்தகம் எழுதினார். அதிலிருந்து பரவிய ஒரு கலவையை இன்றும் ஆயிரக்கணக்கான வீடுகளில் கலக்கிறார்கள்: ஆறு பங்கு அரிசி மாவு, இரண்டு பங்கு உருளைக்கிழங்கு ஸ்டார்ச், ஒரு பங்கு மரவள்ளி ஸ்டார்ச். நம் கணக்குக்குக் கச்சிதமாக 150, 50, 25 கிராம். கூட்டினால் 225. உருளைக்கிழங்கு ஸ்டார்ச் என்பது வெள்ளை வெளேரென்று கைக்குள் நறநறக்கும் பொடி. கிழங்கை அவித்துக் காயவைத்து அரைத்த மாவு வேறு சரக்கு, அது தண்ணீரைக் கண்டால் மொத்தத்தையும் குடித்துவிடும். கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் குளூட்டன் இல்லாத மாவுக் கலவையும் ஏறக்குறைய இந்தக் குடும்பம்தான். விலை மட்டும் வேறு குடும்பம். இங்கிலாந்தில் சீலியாக் நோயாளிகளுக்கு மருத்துவர் சீட்டில் கிடைத்துவந்த பொருள்களையும் 2018 இறுதியில் ரொட்டி, மாவுக் கலவை என்று சுருக்கிவிட்டார்கள்.

அரிசி மாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். கலந்த உடனே சுட்டால் ஸ்கோன் வாயில் மணல்போல் உறுத்தும். இடியப்பத்துக்கும் கொழுக்கட்டைக்கும் கொதிநீர் ஊற்றிப் பிசைந்தவர்களுக்கு இந்தப் பிடிவாதம் பழக்கம்தான். அங்கே சூட்டால் மாவைப் பாதி வேகவைத்து வழிக்குக் கொண்டுவருகிறோம். இங்கே கொதிநீர் ஊற்றினால் பேக்கிங் பவுடரின் ஆவி அங்கேயே போய்விடும், கொழுப்பும் உருகிவிடும். ஆகவே பொறுமையால் வழிக்குக் கொண்டுவர வேண்டும். மிக நைசான மாவை எடுத்து, கலந்தபின் அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இந்த அரைமணி நேரத்தை மட்டும் யாரும் சுருக்கக் கூடாது. குளூட்டன் இல்லாத ஸ்கோனைப் பற்றி ஊரில் உள்ள அவதூறில் பாதி, இதைச் சுருக்கியவர்களால் வந்தது.

அடுத்தது பிடிமானம். குளூட்டன் போனதால் எழுச்சி அவ்வளவாகக் குறையாது. அதிகம் குறைவது ஈரத்தைப் பிடித்து வைக்கும் சக்தியும், பிளக்கும்போது உதிராமல் நிற்கும் குணமும். கடைக்காரர்கள் இதற்குச் சாந்தன் கம் போடுகிறார்கள். முட்டைக்கோசைக் கருக வைத்து அழுகச் செய்யும் ஒரு பாக்டீரியா விடும் பசை அது. 1950களில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பியோரியா ஆய்வுக்கூடத்தில் அலீன் ஜீன்ஸ் என்ற வேதியியலாளரின் குழு அதைக் கண்டெடுத்தது. நம் அளவுக்கு அரைத் தேக்கரண்டி போதும். கூடினால் ஸ்கோன் வழவழவென்று பசையாகும். எனக்குப் பிடித்தது இசப்கோல். ஆமாம், தாத்தா இரவில் தண்ணீரில் கலக்கிக் குடிப்பாரே, அதே உமிதான். உலகச் சந்தையில் இருப்பதில் பெரும்பகுதி குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைந்தது. இங்கே ஆரோக்கிய உணவுக் கடையில் அழகான டப்பாவில் வேறு பெயரில் இருக்கும். சவுத்ஹால் இந்தியக் கடைகளில் பச்சைப் பெட்டியில் மலிவாகக் கிடைக்கும். ஒரு மேசைக்கரண்டி உமியைப் பாலில் ஐந்து நிமிடம் ஊறவிட்டால் கூழாகத் திரளும். அந்தக் கூழ்தான் குளூட்டன் விட்டுப்போன இடத்தை நிரப்புகிறது.

பால் என்றேன், தாவரப் பால்தான். என் ஓட்டு இனிப்பில்லாத சோயா பாலுக்கு. 100 மில்லியில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் அதன் புரதம் திரைந்து மோர்ப் பதத்துக்கு வரும். பழைய ஸ்கோன்களின் உயிர் மோரில்தான் இருந்தது, அந்தப் புளிப்பு இதில் கொஞ்சம் கிடைக்கும். சோயாவின் புரதம் ஓவனில் நிறம் கொடுக்கவும் உதவும். பால் இல்லாத ஸ்கோன்கள் வெளிறிப்போய் நிற்பது நிறம் தரும் பால் புரதமும் பால் சர்க்கரையும் இல்லாததால்தான். ஓட்ஸ் பால் வாங்கினால் குளூட்டன் இல்லை என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கொழுப்பு 60 கிராம். கட்டியாக விற்கும் தாவர வெண்ணெயை எடுங்கள். டப்பாவில் வருகிற, ரொட்டியில் தடவும் சரக்கில் தண்ணீர் அதிகம், ஸ்கோன் பரந்து அப்பமாகிவிடும். கொழுப்பின் வேலையைப் பிறகு சொல்கிறேன் என்றேனே, இதுதான். கோதுமை மாவில் அது துகள்களுக்கு மேல் உறை போட்டுத் தண்ணீரைத் தடுக்கும், குளூட்டன் பின்னாமல் காக்கும். நம் மாவில் காக்க எதுவும் இல்லை. ஓவனில் உருகும்போது சிறு சிறு இடைவெளிகளை விட்டு மென்மை தருவது மட்டுமே இங்கே அதன் வேலை, அதற்குக் குளிர்ந்த கட்டியாக இருந்தால் போதும். தேங்காய் எண்ணெய் போடலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். போடலாம். வெண்ணெயில் எண்பது சதவீதம்தான் கொழுப்பு, தேங்காய் எண்ணெய் முழுக்கக் கொழுப்பு, ஆகவே 50 கிராம் போதும். 24 பாகையிலேயே உருகிவிடும் என்பதால் உறையவைத்துச் சீவிச் சேருங்கள், விரல் அதிகம் படக் கூடாது. வாசனை வரும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, இங்கே இருக்கும் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

செய்முறையை மூச்சுவிடாமல் சொல்லிவிடுகிறேன். மாவுக் கலவையோடு மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 40 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு சேர்த்துச் சலியுங்கள். கொழுப்பை விரல்நுனியால் உதிரியாகக் கலந்து, இசப்கோல் ஊறிய பாலில் ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கூட்டுங்கள். உலர்திராட்சை போடுவதென்றால் இப்போது. மாவு கோதுமை மாவைவிட ஈரமாக, கையில் ஒட்டுகிற பதத்தில் இருக்க வேண்டும். காய்ந்திருந்தால் பயப்படாமல் பால் விடுங்கள். அரைமணி நேரம் குளிரட்டும். பிறகு அரிசி மாவு தூவிய பலகையில் மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டுங்கள். குழவி வேண்டாம், உள்ளங்கை போதும். வெட்டிய துண்டுகளைத் தட்டில் ஒன்றையொன்று தொடும்படி நெருக்கி அடுக்குங்கள். பக்கத்தில் சாய இடம் இல்லாவிட்டால் மேலேதான் எழும்பும். மேலே சோயா பாலில் சிறிது சர்க்கரை கலந்து தடவுங்கள். 220 பாகையில், விசிறி ஓவன் என்றால் 200இல், 12 முதல் 15 நிமிடம். முட்டையும் ஆகாதவர்களுக்கு முட்டையை விட்டுவிட்டு, இசப்கோலை ஒன்றரைக் கரண்டியாக்கிப் பாலை அதற்கேற்பக் கூட்டுங்கள். எலிசபெத் அம்மையாருக்கும் அது ஒத்துக்கொண்டிருக்கும்.

சுடுவது இவ்வளவுதான். உண்மையில் கஷ்டமானது இதற்கு முன்னால் இருக்கிறது. அதில் மட்டும் நான் விளையாட்டாகப் பேசமாட்டேன்.

குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொருளைச் சொல்ல வேண்டுமானால் சர்வதேச வரம்பு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டன். இந்தியாவிலும் அதே வரம்புதான். கோதுமை மாவாகப் பார்த்தால் ஒரு கிலோவில் சுமார் கால் கிராம். காலையில் சப்பாத்திக்கு மாவு சலித்த அதே சல்லடையில் பிற்பகல் ஸ்கோனுக்கு மாவு சலித்தால் அந்தக் கால் கிராம் தாண்டிவிடலாம். மரப்பலகையின் கீறல்களில் மாவு உட்கார்ந்திருக்கும். ரொட்டி வாட்டும் டோஸ்டர் துகள்களின் கிடங்கு. காற்றில் பறந்த மாவு வெகுநேரம் கழித்துத்தான் மேசையில் இறங்கும். ஆகவே சல்லடை, பலகை, மரக்கரண்டி மூன்றையும் தனியாக வையுங்கள். மாவு பறக்கும் வேலை செய்த நாளில் இதைச் செய்ய வேண்டாம். பேக்கிங் பவுடரிலும் சில தயாரிப்புகளில் ஈரம் இழுக்கக் கோதுமை மாவு சேர்ப்பது உண்டு, சோளமாவு சேர்த்தது வேண்டும்.

நம் அடுக்களைக்கென்று சில கண்ணிகள் இருக்கின்றன. கூட்டுப் பெருங்காயப் பொடியில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோதான் நிரப்பி. "சாம்பாரும் ரசமும்தானே, கோதுமை எங்கே?" என்பவர்கள் டப்பாவைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மைதாவும் ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்று சொன்னால் இன்றைக்கும் ஆச்சரியப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் இன்னொன்று. புட்டும் இடியப்பமும் அரிசி என்று வெளியாட்கள் நம்புவார்கள். அவித்த கோதுமை மாவில் பிழிவது எவ்வளவு சாதாரணம் என்று இங்கே இருக்கும் அக்காமாருக்குத் தெரியும். மாவை அவித்தால் குளூட்டன் போகாது. ஸ்கோனை அவ்வளவு பத்திரமாகச் சுட்டுக் கொடுத்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு அந்த இடியப்பத்தை வைத்தால் என்ன பயன்?

பால் ஒவ்வாமை இன்னும் கடுமை. மார்ஜரின் என்றாலே பால் இல்லாதது என்று எண்ண வேண்டாம். 1869இல் பிரான்சில் அதைக் கண்டுபிடித்தபோதே மாட்டுக் கொழுப்போடு பாலும் சேர்த்துத்தான் கடைந்தார்கள், இன்றும் சிலவற்றில் மோர்ப்பொடி இருக்கிறது. 'வீகன்' என்ற முத்திரையும் காப்பு அல்ல. அது செய்தவர் எதைச் சேர்க்கவில்லை என்று சொல்லும், எது தற்செயலாக விழுந்தது என்று சொல்லாது. 2017இல் பாத் நகரில், பால் ஒவ்வாமை உள்ள ஒரு பெண் பால் இல்லை என்று நம்பி வாங்கிய சாப்பாட்டில் இறந்துபோனார். அதில் இருந்தது தேங்காயில் செய்த தயிர். அந்தத் தயிரில் சேர்த்த ஸ்டார்ச்சில் பால் புரதம் கலந்திருந்தது என்று மரண விசாரணையில் தெரியவந்தது. இந்த நாட்டுச் சட்டப்படி பொட்டலத்தில் ஒவ்வாமைப் பொருள்களைத் தனித்துத் தெரியும்படி, பெரும்பாலும் தடித்த எழுத்தில், அச்சிட வேண்டும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் படியுங்கள், போன மாதம் படித்தது போதாது. செய்முறையை அவர்கள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

மிச்சம் வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஸ்கோன் சுட்ட அன்று நன்றாக இருக்கும், மறுநாள் விறைக்கும். மாவுச்சத்து ஆறியபின் மறுபடி இறுகுவதால் வருவது அது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் வேகமாக இறுகும். ஆறிய கையோடு ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். வேண்டும்போது சூடான ஓவனில் சில நிமிடம் வைத்தால் அந்த இறுக்கம் பெருமளவு நெகிழ்ந்துவிடும்.

இனி ஜாம் முதலிலா, கிரீம் முதலிலா? டெவன்காரர்கள் கிரீமை முதலில் தடவி ஜாமை மேலே வைப்பார்கள், கார்ன்வால்காரர்கள் ஜாம் முதலில். 2018இல் கார்ன்வாலில் இருக்கும் ஒரு மாளிகை, விளம்பரப் படத்தில் கிரீமை முதலில் வைத்துக் காட்டிவிட்டு ஊரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. நமக்கு அந்த வழக்கு வேண்டாம். கெட்டித் தேங்காய்ப் பாலை இரவு முழுக்கக் குளிரவைத்து, மேலே திரண்டதை எடுத்து அடித்தால் கிரீம் ஆயிற்று. அதை முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் சரி. ஜாமுக்கு மட்டும் புதிய புட்டியைத் திறந்து தனிக் கரண்டி போடுங்கள். வீட்டில் பாதி தீர்ந்த ஜாம் புட்டியில் எத்தனை நாள் ரொட்டித் துகள் கிடக்கிறது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தெரியும்.

பின்மேசையில் இரண்டு தட்டுகள் இருக்கின்றன. நீல மூடி போட்டதில் இருப்பவை நான் சொன்னபடி சுட்டவை, அவற்றை எடுக்க அங்கேயே தனி இடுக்கி இருக்கிறது. தேநீர் வரும்வரை கேள்விகள் கேட்கலாம்.